அம்மாச்சி கையெழுத்து எங்கே செல்லும், எங்கே செல்லாது

மதுரை மாவட்டத்தில் உசிலம்பட்டி, சேடபட்டி, செல்லம்பட்டிப் பக்கம் எந்தத் தெருவுக்குள் போனாலும் பேரப்பிள்ளையை வைத்துக்கொண்டு தனியாக இருக்கும் ஒரு அப்பத்தாவையோ அம்மாச்சியையோ பார்க்கலாம். மகன் முறுக்குக் கம்பெனி என்று ஆந்திராவுக்கோ மகாராஷ்டிராவுக்கோ போயிருப்பார். மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பார். சில வீடுகளில் பெற்றவர்கள் உயிரோடு இல்லை. சில வீடுகளில் இருந்தும் இல்லை: ஒருவர் ஜெயிலில், ஒருவர் குடியில், ஒருவர் மறுகல்யாணம் செய்துகொண்டு போன வீட்டில் இந்தப் பிள்ளையைப் பற்றி வாய் திறக்க முடியாமல். காரணம் எதுவானாலும் பிள்ளை வந்து சேர்வது ஒரு கட்டைப்பையோடுதான். பையில் நாலு செட் துணி இருக்கும். பிறப்புச் சான்று இருக்காது.

அரசு ஏட்டில் 'வளர்ப்புப் பராமரிப்பு' என்று இருப்பது வேறு. அதில் குழந்தைகள் நலக் குழு உத்தரவு போட்டு, பிள்ளையைப் பெற்ற குடும்பம் அல்லாத இன்னொரு குடும்பத்திடம் ஒப்படைக்கும். இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 44-ஆம் பிரிவு அதைப் பற்றியது. அம்மாச்சி வீட்டுக்கு அப்படி ஒரு உத்தரவு வந்ததுமில்லை, வந்ததா என்று யாரும் கேட்டதுமில்லை. கேட்கிற நாள் பிற்பாடு வரும். வங்கியிலோ ஆஸ்பத்திரியிலோ தாலுகா ஆபீஸிலோ ஒரு மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும்: "இந்தப் புள்ளைக்கு நீ என்னம்மா வேணும்? அப்பா அம்மா யாரையாச்சும் வந்து கையெழுத்துப் போடச் சொல்லு."

உதவ நினைக்கும் சொந்தக்காரர்கள் பெரும்பாலும் தீபாவளிக்குத் துணி எடுத்துக் கொடுப்பதோடு நின்றுவிடுகிறார்கள். அந்த வீட்டுக்கு அதைவிட அவசரமாக வேண்டியது, எந்த மேஜையில் யார் கையெழுத்து செல்லும் என்று தெரிந்துகொண்டு கூடவே வந்து நிற்கிற ஓர் ஆள். இந்தக் கட்டுரை அந்த ஆளுக்காக.

பாதுகாவலர் என்றால் யார்

ஒரே சொல்லை ஒவ்வொரு சட்டமும் ஒவ்வொரு விதமாகப் பொருள் கொள்கிறது. குழப்பம் அத்தனையும் இங்கேதான் ஆரம்பம்.

2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி, பிள்ளையைக் கையில் வைத்துப் பராமரிக்கிறவரே பாதுகாவலர். கோர்ட் நியமித்தவரும் அதில் அடக்கம், அவ்வளவுதான். ஆகவே 6 முதல் 14 வயது வரை பள்ளிச் சேர்க்கைக்கு அம்மாச்சி கையெழுத்து தாராளமாகச் செல்லும். வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 14-ஆம் பிரிவு சொல்கிறது. பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானால் அதைக் காரணம் காட்டி நிறுத்தி வைக்கவும் கூடாது. இது 5-ஆம் பிரிவு. திருப்பூரில் படித்த பிள்ளை நடு வருஷத்தில் வந்து சேரும்போது இந்த இரண்டாவது விஷயம் கை கொடுக்கும். தலைமை ஆசிரியரிடம் சட்டம் பேசி மல்லுக்கட்ட வேண்டியதில்லை. "டி.சி. பின்னாடி வந்துரும் சார், இப்ப வகுப்புல உட்காரட்டும்" என்றாலே பல இடங்களில் வேலை முடிந்துவிடும். சேர்த்த கையோடு எமிஸ் என்னும் பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவில் பெற்றோர் போன் நம்பர் இருக்கும் இடத்தில் அம்மாச்சியின் நம்பரையோ, அடிக்கடி வந்துபோகும் தாய்மாமன் நம்பரையோ போடச் சொல்லுங்கள். பள்ளி அனுப்பும் தகவலெல்லாம் அந்த நம்பருக்குத்தான் வரும்.

இளைஞர் நீதிச் சட்டம் இன்னும் தாராளம். பிள்ளை யார் பொறுப்பில் உண்மையிலேயே இருக்கிறது என்று குழந்தைகள் நலக் குழு கருதுகிறதோ, அவரும் பாதுகாவலர்தான். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க இது போதும்.

வங்கிக்கும் நிலத்துக்கும் வந்தால் கதை மாறிவிடுகிறது. 1956-ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6-ஆம் பிரிவில் இயற்கைப் பாதுகாவலர் என்று இருப்பது அப்பாவும் அம்மாவும்தான். அப்பத்தா, அம்மாச்சி, சித்தப்பா, தாய்மாமன் யாருக்கும் அங்கே இடமில்லை. அவர்கள் கையெழுத்து செல்ல வேண்டுமானால் கோர்ட் உத்தரவு வேண்டும்.

இது தெரியாமல் ஊரில் நடப்பது என்னவென்றால், 20 ரூபாய் முத்திரைத்தாளில் "இன்று முதல் என் மகளை என் அம்மாவிடம் ஒப்படைக்கிறேன்" என்று எழுதி நோட்டரி சீல் வைத்து, அதை லேமினேஷன் போட்டு வைத்திருப்பார்கள். அந்தத் தாள் யாரையும் சட்டப்படி பாதுகாவலர் ஆக்காது. ஆனால் கிழித்துப் போட வேண்டாம். பெற்றவர் மனம் ஒப்பி விட்டுப்போனார் என்பதற்கு அது ஒரு சாட்சி. பிறகு கோர்ட்டுக்குப் போக நேர்ந்தால் மனுவோடு இணைக்கலாம். லேமினேஷன் மட்டும் வேண்டாம்.

ஆஸ்பத்திரி விஷயம் பள்ளிக்கும் வங்கிக்கும் நடுவில் இருக்கிறது. காய்ச்சலுக்கும் கையில் அடிபட்டதற்கும் யாரும் உறவு கேட்பதில்லை. உயிர்போகும் அவசரத்தில் கையெழுத்துக்காக டாக்டர் காத்திருக்க வேண்டும் என்று சட்டமும் சொல்லவில்லை. முன்கூட்டியே தேதி குறித்துச் செய்யும் ஆபரேஷனுக்குத்தான் பெற்றோரைக் கேட்பார்கள். அப்பா வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருந்தால், தேதி குறித்த அன்றே அவரிடம் கையால் எழுதிய சம்மதக் கடிதமும் ஆதார் நகலும் வாங்கி வையுங்கள். அட்மிஷனுக்கு முதல் நாள் ராத்திரி போன் எடுக்காமல் போவது இந்த வகை அப்பாக்களின் வழக்கம்.

முதல் மாதத்துக் காகிதங்கள்

வரிசை முக்கியம். ஒன்றில்லாமல் அடுத்தது நகராது, நகர்ந்தாலும் பாதியில் திரும்பி வரும்.

பெற்றவர் இறந்திருந்தால் இறப்புச் சான்று முதலில். ஆஸ்பத்திரியில் நடந்த இறப்பை ஆஸ்பத்திரியே பதிவுக்கு அனுப்பிவிடும். வீட்டில் நடந்ததுதான் தவறிப்போகும். கிராமமென்றால் வி.ஏ.ஓ.விடம் 21 நாளுக்குள் சொல்லிப் பதிய வேண்டும். ஒரு வருஷம் தாண்டிவிட்டால் கோட்ட அளவில் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு அலைய வேண்டியிருக்கும். துக்க வீட்டில் பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் யாரும் காகிதம் பேச மாட்டார்கள். பேசவும் கூடாதுதான். ஆனால் பதினாறு முடிந்தால் மிச்சம் இருப்பது ஐந்தே நாள்.

பிள்ளையின் பிறப்புச் சான்றை வளரும் ஊரில் தேடிப் பயனில்லை. பிறந்த ஊரில்தான் பதிவு இருக்கும். மதுரை பெரியாஸ்பத்திரியில் பிறந்ததென்றால் மாநகராட்சியில், திருப்பூரில் பிறந்ததென்றால் திருப்பூரில். சான்று கிடைத்தும் பெயர் இருக்கும் இடம் காலியாக இருப்பது சாதாரணம். பிறந்து 15 வருஷம் வரை பெயரைச் சேர்க்கலாம். பள்ளியில் ஒரு பெயர், சான்றில் ஒரு பெயர், ஆதாரில் மூன்றாவது பெயர் என்று ஆகிவிடாமல், அம்மா அப்பா பெயரின் எழுத்து உட்பட எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடுங்கள். பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் தயாராவதற்கு முன்னால், அதாவது ஒன்பதாம் வகுப்பிலேயே இது முடிந்தாக வேண்டும். மதிப்பெண் பட்டியலில் ஏறிய பிழையைத் திருத்துவது பெரும்பாடு.

அடுத்தது ரேஷன் கார்டு. பெற்றவர்களின் கார்டில் பிள்ளை பெயரை நீக்கினால்தான் அம்மாச்சி கார்டில் சேர்க்க முடியும். இ-சேவை மையத்தில் இரண்டையும் ஒரே நாளில் கேட்பார்கள்; முதலாவது ஒப்புதலாகும் முன்பே இரண்டாவதைப் போட்டால், ஆதார் எண் வேறொரு கார்டில் இருக்கிறது என்று தள்ளுபடியாகிவிடும். நீக்கல் முடிந்தது என்று தெரிந்த பிறகு சேர்த்தலைப் போடுங்கள். இது ஏதோ அரிசிக்காக மட்டும் செய்கிற வேலையில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் பிள்ளையைச் சேர்க்க அம்மாச்சி கார்டில் பெயர் இருந்தாக வேண்டும்; வருமான வரம்பு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். கார்டில் பெயர் ஏறிய அன்றுதான் அந்தப் பிள்ளை அந்த வீட்டில் இருப்பதாக முதன்முதலாக அரசாங்கத்துக்குத் தெரிகிறது என்றே சொல்லலாம்.

ஆதாரில் பெரும்பாலோர் விழும் குழி போன் நம்பர். பிள்ளையின் ஆதாரில் இறந்துபோன அம்மாவின் நம்பர் இருக்கும். ரீசார்ஜ் இல்லாமல் சில மாதம் கிடந்தால் சிம் செத்து, அந்த நம்பர் வேறு யாருக்கோ போய்விடும். அதன் பிறகு எந்த விண்ணப்பத்துக்கும் ஓ.டி.பி. வராது. ஆகவே அம்மாவின் போனைப் பத்திரப்படுத்தி, ஆறு மாதமாவது சிம்முக்கு உயிர் இருக்கும்படி ரீசார்ஜ் போட்டு வையுங்கள். இறந்தவரின் வங்கிக் குறுஞ்செய்திகளும் அதில்தான் வரும். அதற்குள் ஆதார் மையத்துக்குப் பிள்ளையை நேரில் கூட்டிப்போய் நம்பரை மாற்றிவிடலாம். நேரில் போனால் கைரேகை போதும், பழைய ஓ.டி.பி. தேவையில்லை. 5 வயதிலும் 15 வயதிலும் கைரேகை, கண் பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்பதையும் காலண்டரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சாதிச் சான்றில் அம்மா வழி உறவினர் திணறுவார்கள். அப்பாவின் சான்றைக் கேட்பார்கள். அப்பா வீட்டோடு பேச்சுவார்த்தை அறுந்திருக்கும். சித்தப்பாவிடமிருந்தோ அத்தையிடமிருந்தோ ஒரு நகல் வாங்கித் தருவது, நடுவில் நிற்கும் ஒருவரால்தான் முடியும். கோபம் முற்றுவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள்.

மாதாமாதம் வரக்கூடிய பணம்

உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைக்கு என்றே இருப்பது மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவுத் திட்டம். மாதம் 4,000 ரூபாய், 18 வயது வரை. அப்பா அம்மா இல்லாமல் உறவினரோடு இருக்கும் பிள்ளை, கணவனை இழந்த அல்லது கைவிடப்பட்ட தாயின் பிள்ளை, பெற்றோர் தீராத நோயிலோ செயலிழந்தோ கிடக்கும் பிள்ளை ஆகியோர் இதில் வருவார்கள். குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. வருமானச் சான்று கேட்கும்போது, வெளியூரில் தனிக் குடும்பமாக இருக்கும் மாமன்களின் சம்பளத்தையும் கூட்டி எழுதவிடாதீர்கள். அம்மாச்சி கார்டில் இருப்பவர்களின் வருமானம் என்ன என்பதே கேள்வி.

விண்ணப்பம் மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகில். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவாகக் கொடுத்தாலும் அங்கேதான் போய்ச் சேரும். கூட்டத்தில் கொடுப்பதில் ஒரு லாபம், ரசீது எண் கையில் இருக்கும். பணம் வர ஆரம்பித்த பிறகு கவனிக்க வேண்டியது பள்ளி வருகை. தொடர்ந்து 30 நாளுக்கு மேல் பள்ளிக்குப் போகாமலிருந்தால் தொகையை நிறுத்தி வைக்க விதி இருக்கிறது. மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு விலக்கு உண்டு. அம்மை போட்டு வீட்டில் கிடந்தால்கூட லீவு லெட்டரும் ஆஸ்பத்திரிச் சீட்டும் பள்ளியில் இருக்க வேண்டும்.

தமிழக அரசின் அன்புக்கரங்கள் திட்டம் 2025 செப்டம்பர் 15-இல் தொடங்கியது. மாதம் 2,000 ரூபாய், 18 வயது வரை. அப்பா அம்மா இருவரையும் இழந்தவர்களுக்கும், ஒருவரை இழந்து, மற்றவர் சிறையிலோ கொடிய நோயிலோ உடல் முடியாமலோ விட்டுப்போயோ இருந்தால் அவர்களுக்கும். ரேஷன் கார்டு, ஆதார், வயதுச் சான்று, வங்கிப் புத்தகம் ஆகிய நான்கின் நகலும் கேட்பார்கள். மேலே சொன்ன காகித வேலை எதற்கு என்று இப்போது புரியும்.

அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ படிக்கும் பிள்ளையின் சம்பாதிக்கும் அப்பாவோ அம்மாவோ விபத்தில் இறந்திருந்தால் 75,000 ரூபாய் பிள்ளை பெயரில் வைப்பாகப் போடும் திட்டம் ஒன்று இருக்கிறது. தலைமை ஆசிரியர் வழியாக விண்ணப்பம் போகும். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்தால் கல்லூரியில் பெண்ணுக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் என்று மாதம் 1,000. ஆறாம் வகுப்பில் "நாங்க பணம் கட்டுறோம், பிரைவேட் இங்கிலீஷ் மீடியத்துல போடுங்க" என்று முன்வரும் மாமா, ஏழு வருஷம் கட்ட முடியுமா என்று ஒரு தடவை யோசித்துவிட்டு வாய் கொடுக்க வேண்டும். எட்டாவதில் கைவிட்டால் அந்தப் படிப்பும் போச்சு, இந்த 1,000 ரூபாயும் போச்சு.

அம்மாச்சிக்கு 60 வயது தாண்டியிருந்தால் முதியோர் பணம் 1,200 வரும். அதை வாங்குகிறவருக்கு மகளிர் உரிமைத் தொகை கிடையாது. இரண்டுக்கும் மனு போட்டு வருஷக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு.

எல்லாம் ஒப்புதலாகியும் "பணம் வரலை" என்றால், முக்கால்வாசி நேரம் பணம் வேறு கணக்குக்குப் போயிருக்கும். ஆதார் வழியாக வரும் தொகை, கடைசியாக எந்த வங்கிக் கணக்கோடு ஆதார் இணைக்கப்பட்டதோ அங்கேதான் விழும். ஸ்காலர்ஷிப்புக்கென்று பள்ளியில் திறந்த கணக்கு ஒன்று, திட்டத்துக்கென்று திறந்தது ஒன்று என்று இரண்டிருந்தால், கையிலிருக்கும் புத்தகத்தில் வரவு காட்டாது. வங்கியில் போய் ஆதார் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்று கேட்டாலே தெரிந்துவிடும்.

போனவர்கள் விட்டுப்போன பணம்

இதைத்தான் யாரும் தேடுவதில்லை. இறந்தவரின் வங்கிப் புத்தகத்தை என்ட்ரி போட்டு வாங்கி, மே, ஜூன் மாதங்களில் 436 ரூபாயோ 20 ரூபாயோ பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். 436 என்றால் பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீடு, எந்த வகை இறப்பானாலும் 2 லட்சம். 20 என்றால் பிரதமர் சுரக்‌ஷா காப்பீடு, விபத்துக்கு 2 லட்சம், இதற்கு எஃப்.ஐ.ஆரும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் வேண்டும். அம்மாவுக்கே தெரியாமல் கணக்கு திறந்த அன்று கையெழுத்து வாங்கியிருப்பார்கள். கணக்கை மூடச் சொல்வதற்கு முன்னால் இதைப் பார்க்க வேண்டும்.

திருப்பூர் கம்பெனியில் பி.எஃப். பிடித்திருந்தால் சேமிப்பு மட்டும் இல்லை, பென்ஷனும் இருக்கிறது. இரு பெற்றோரும் இல்லாத பிள்ளைக்கு அநாதைப் பென்ஷன் மாதம் குறைந்தது 750 ரூபாய், 25 வயது வரை. ஒரே நேரத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு. ஒருவர் உயிரோடு இருந்தால் பிள்ளைப் பென்ஷன் குறைந்தது 250. வேலையில் இருக்கும்போதே இறந்திருந்தால் இன்ஷூரன்ஸ் தனி. தொகை சிறிதென்று விட்டுவிடுகிறார்கள். எட்டு வயதில் ஆரம்பித்தால் 17 வருஷம் வரும் பணம் அது. பழைய சம்பளச் சீட்டிலோ போனில் வந்த குறுஞ்செய்தியிலோ யு.ஏ.என். என்னும் பி.எஃப். நம்பர் கிடைக்கும். அந்த சிம்மைக் காப்பாற்றச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

சாலை விபத்தென்றால் நஷ்டஈட்டு மனுவை ஆறு மாதத்துக்குள் தாக்கல் செய்யும்படி சட்டம் மாறியிருக்கிறது. பழைய ஞாபகத்தில் "ரெண்டு வருஷம் கழிச்சுக்கூடப் போடலாம்" என்பவர்களை நம்ப வேண்டாம். தீர்ப்பாகும் தொகையில் பிள்ளை பங்கை 18 வயது வரை வங்கியில் வைப்பாகப் போட்டுவிடுவார்கள். அதை எடுத்துத் தருகிறேன் என்று ஒரு சொந்தக்காரர் எப்படியும் முளைப்பார்.

கொரோனாவில் பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகள் பெயரில் மாநில அரசு 5 லட்சம் வைப்பாகப் போட்டது; ஒருவரை இழந்தவர்களுக்கான 3 லட்சம் வைப்பு இல்லை, உயிரோடு இருந்த அப்பாவிடமோ அம்மாவிடமோ கொடுத்த நிவாரணம். அந்தப் பிள்ளைகளில் பலர் இப்போது பதின்வயதில் இருக்கிறார்கள். அந்த வைப்பு ரசீதின் நகல் வீட்டில் இருக்கிறதா என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

வங்கி, கோர்ட், தத்து

பத்து வயது நிறைந்த பிள்ளை தன் பெயரிலேயே கணக்கு திறந்து தானே கையெழுத்துப் போடலாம். ஆகவே பத்தைத் தாண்டிய பிள்ளைக்காக அம்மாச்சி கோர்ட்டுக்கு ஓட வேண்டியதில்லை. அதற்குக் கீழே இருந்தால்தான் சிக்கல். நிதி ஆதரவுத் தொகைக்குக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் உத்தரவு நகலைக் காட்டிப் பிள்ளையோடு கூட்டுக் கணக்கு திறக்கலாம். செல்வமகள் கணக்கை அம்மாச்சி பெயரில் போட்டு ஏமாந்தவர்கள் நிறைய. பெற்றோரோ சட்டப்படியான பாதுகாவலரோ மட்டுமே அதை நடத்தலாம், தாத்தா பாட்டி திறந்ததை மாற்றிக்கொள்ளச் சொல்லி 2024-இல் உத்தரவே வந்துவிட்டது.

கோர்ட் உத்தரவு எப்போது வேண்டும்? பிள்ளை பெயரில் நிலமோ வீடோ பெரிய தொகையோ இருந்தால், பாஸ்போர்ட் எடுக்க வேண்டியிருந்தால், பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போவேன் என்று ஒருவர் மிரட்டினால். இவை இல்லாதவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம் என்பது எங்கள் கணிப்பு. மாதக்கணக்கில் வாய்தாவுக்கு அலையும் கூலி நஷ்டம் அம்மாச்சிக்குத் தாங்காது. தேவைப்படுகிறவர்களுக்கு 1890-ஆம் ஆண்டுப் பாதுகாவலர் சட்டத்தின்கீழ் மனு. பிள்ளை வழக்கமாக வசிக்கும் இடத்துக் கோர்ட்டில் போட வேண்டும்; சொத்துக்கென்றால் சொத்து இருக்கும் இடத்துக் கோர்ட்டிலும் போடலாம். அப்பாவின் ஊர் என்பதற்காக அங்கே போட வேண்டியதில்லை. பிள்ளையின் உடலுக்கு மட்டுமா, சொத்துக்கும் சேர்த்தா என்பதை முதலிலேயே வக்கீலிடம் தெளிவாகச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு மறுபடி போடுவது இரட்டைச் செலவு. செலவே இல்லாமல் செய்ய மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்ணுக்கும் பிள்ளைக்கும் வருமான வரம்பு பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு, போன் 15100.

தத்து விஷயத்தில் ஊர் வழக்கமும் சட்டமும் முட்டிக்கொள்ளும். பிள்ளையில்லாத சித்தி வளர்க்கிறாள், பத்திரம் போட்டுவிடலாம் என்று ரிஜிஸ்டர் ஆபீஸுக்குக் கிளம்புவார்கள். பெற்றோர் இருவரும் இல்லாத பிள்ளையை அம்மாச்சி தன் விருப்பத்துக்குத் தத்துக் கொடுக்க முடியாது. 1956-ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டப்படி பாதுகாவலர் கொடுப்பதற்குக் கோர்ட் அனுமதி வேண்டும். உறவினர் தத்தை இளைஞர் நீதிச் சட்டத்தின் வழியாகவும் செய்யலாம், உத்தரவு கலெக்டரிடமிருந்து வரும். உறவே இல்லாத ஒருவருக்கு, "வசதியான வீடு, நல்லாப் பாத்துக்கிருவாக" என்று காகிதமில்லாமல் பிள்ளையைக் கொடுப்பது குற்றம். மூன்று வருஷம் வரை சிறையோ ஒரு லட்சம் அபராதமோ இரண்டுமோ விழலாம்.

அதிகாரி வீட்டுக்கு வரும் நாள்

விண்ணப்பம் போட்டால் சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார். "புள்ளையப் பிடிச்சிட்டுப் போயி ஹாஸ்டல்ல போட்டுருவாக" என்ற பயத்தில் விண்ணப்பமே போடாத வீடுகள் கணக்கில்லை. சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று, இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி என்பது. விசாரிக்க வருகிறவர் பார்ப்பது: பிள்ளை எங்கே தூங்குகிறது, யார் சமைக்கிறார்கள், பள்ளிக்கு ஒழுங்காகப் போகிறதா, தடுப்பூசி அட்டை இருக்கிறதா, பிள்ளைக்கு இங்கே இருக்க இஷ்டமா. ஓட்டு வீடு என்பதற்காக யாரும் பிள்ளையைத் தூக்கிப் போவதில்லை.

கெடுப்பது என்னவென்றால், அன்றைக்கென்று பக்கத்து வீட்டு பீரோவையும் கட்டிலையும் கொண்டுவந்து போடுவதும், "அப்பா அடிச்சதைச் சொல்லாத" என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதும். பொய் தெரிந்துவிட்டால் அறிக்கையில் அதுதான் முதல் வரியாக நிற்கும். பிள்ளையிடம் தனியாகப் பேசக் கேட்பார்கள். விட்டுவிட்டுத் திண்ணைக்கு வந்துவிடுங்கள்.

அப்பா திரும்பி வந்தால்

நாலு வருஷம் எட்டிப் பார்க்காதவர் திடீரென்று வந்து நிற்பார். பெரும்பாலும் நஷ்டஈட்டுப் பணமோ இன்ஷூரன்ஸோ தீர்ப்பான வாரத்தில். அப்பா இயற்கைப் பாதுகாவலர்தான். ஆனால் யாரிடம் பிள்ளை இருக்க வேண்டும் என்று கோர்ட் முடிவு செய்யும்போது பிள்ளையின் நலனே எல்லாவற்றுக்கும் மேல் என்று 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு சொல்கிறது. பிள்ளையை ஒளித்து வைப்பது தவறான யோசனை. ஆட்கொணர்வு மனு போட்டு மதுரை ஒத்தக்கடை ஹைகோர்ட் கிளைக்கு இழுத்துவிட்டால், ஒளித்த பாட்டிதான் குற்றவாளி மாதிரி நிற்க வேண்டியிருக்கும். அவர் வந்து பார்க்கட்டும், வாசலில் நாலு பேர் இருக்கும்போது. இந்த நாலு வருஷத்துப் பள்ளி ரசீதும் ஆஸ்பத்திரிச் சீட்டும் ஒரு ஃபைலில் இருக்கட்டும். அடித்த வரலாறு இருக்கும் ஆளென்றால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அப்பா காணாமலே போயிருந்தால், போலீஸில் காணவில்லைப் புகார் இப்போதே கொடுத்து ரசீது வாங்க வேண்டும். ஏழு வருஷம் தகவலே இல்லாதவரை இறந்ததாகக் கருதக் கோர்ட்டைக் கேட்கலாம்; புகார் ரசீது இல்லாவிட்டால் அவர் என்று போனார் என்பதற்கே சாட்சி தேட வேண்டும்.

வளர்க்கிறவரின் உடம்பு

மல்லிகை எடுக்கப் போகும் அம்மாச்சி இருட்டோடு எழுந்து போய்விடுவார். பிள்ளை தானே எழுந்து, தானே கிளம்ப வேண்டும். பள்ளிக்குப் போகாத நாட்களின் காரணத்தைத் தேடினால் பாதி இங்கே இருக்கும், படிப்பு வரவில்லை என்பதில் இல்லை. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில்தான் ஆரம்பித்தது. தொடக்கப் பள்ளிப் பிள்ளையென்றால் காலைச் சாப்பாட்டுக் கவலை தீர்ந்தது. எழுப்பி, தலை சீவி, வாசல் வரை கொண்டுவந்து விட ஆள் வேண்டும். எதிர்வீட்டில் ஒருவர் அந்த இருபது நிமிஷத்தை ஏற்றுக்கொள்வது, வருஷத்துக்கு ஒரு முறை எடுத்துத் தரும் பட்டுப் பாவாடையைவிடப் பெரிய உதவி.

சொந்தக்காரர்கள் உதவுவதானால் நாளையும் தொகையையும் முடிவு செய்துகொண்டு உதவ வேண்டும். மாதம் 500 என்றாலும் 5-ஆம் தேதி என்றால் 5-ஆம் தேதி. எப்போதாவது வந்து 3,000 கொடுத்துவிட்டுப் போவதை வைத்து அம்மாச்சி எந்தக் கணக்கும் போட முடியாது. அது வட்டிக்காரனுக்குத்தான் போகும். சுகர், பிரஷர் மாத்திரையை அரசு ஆஸ்பத்திரியில் மாதாமாதம் வாங்கி வந்து தருவதும் உதவிதான். ஒரு நாள் மாத்திரை வரிசையில் நிற்கப் போனால் கூலி போகுமே என்று மாத்திரையையே விட்டுவிடுகிறவர்கள் இவர்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு பிள்ளையைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் வைத்துக்கொள்ள ஒரு அத்தை இருந்தால் இன்னும் நல்லது. அந்த ஒரு நாள் அம்மாச்சி தூங்கட்டும்.

அம்மாச்சிக்கு முடியாமல் போனால் பிள்ளை யாரிடம் போகும் என்று அவர் தெம்பாக இருக்கும்போதே பேசி முடிவு செய்யுங்கள். சங்கடமான பேச்சுதான். துக்க வீட்டில் வைத்துப் பேசினால் இன்னும் சங்கடம். அந்த அடுத்த ஆளைப் பிள்ளைக்கு முன்பே பழக்கப்படுத்தி, பள்ளியில் இரண்டாவது போன் நம்பராகக் கொடுத்து வைக்க வேண்டும்.

பிள்ளையிடம் "அம்மா ஊருக்குப் போயிருக்கா, வந்துருவா" என்று சொல்லி வளர்ப்பது எல்லா ஊரிலும் நடக்கிறது. இரண்டாம் வகுப்பில் கூடப் படிக்கிற பிள்ளை உண்மையைச் சொல்லிவிடும். இறந்துவிட்டாள், இனி வர மாட்டாள், நான் இருக்கிறேன் என்று வீட்டுக்குள்ளேயே, நேரான சொல்லில் சொல்வதுதான் சரி. ஜெயிலில் இருக்கும் அப்பாவைப் பற்றியும் அப்படியே, வயதுக்குத் தகுந்த அளவில். பிள்ளை காதுபட "ஆத்தா இல்லாத புள்ள" என்று உச்சுக்கொட்டுகிறவர்களைத் தடுக்கும் வேலையை அம்மாச்சி தலையில் கட்டாமல் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். சடங்கு, காதுகுத்து வந்தால் இரண்டு பக்கத்து உறவும் சீர் யார் செய்வது என்று சண்டை போடும். சீர்ப் பணத்தைப் பிள்ளை பெயரில் அஞ்சலகத்தில் போடச் சொன்னால் சண்டை பாதியாகக் குறையும்.

பதினெட்டு ஆனதும் செய்ய வேண்டியவை சில உண்டு. பான் கார்டு எடுத்து, சிறுவர் கணக்கையும் வைப்புகளையும் பிள்ளையின் சொந்தக் கையெழுத்துக்கு மாற்ற வேண்டும். பிள்ளை சிறுவராக இருந்தபோது அப்பா வழி நிலத்தைக் கோர்ட் அனுமதி இல்லாமல் பாதுகாவலர் யாராவது விற்றிருந்தால், அதை ரத்து செய்யக் கேட்டு வழக்குப் போட மூன்று வருஷம்தான் அவகாசம். 21-ஆம் பிறந்தநாளோடு அது முடிந்துவிடும். வில்லங்கச் சான்று ஒன்று போட்டுப் பார்த்துவிட்டு, ஃபைலைப் பிள்ளை கையில் கொடுங்கள்.